தாளை விரித்துத் துணியை வெட்டுவதற்கு முன்: வீட்டுத் தையல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும்போதே, மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் தையல்கடைக் கதவுகளில் அட்டை தொங்கத் தொடங்கிவிடும்: "இனித் துணி எடுப்பதில்லை." சில ஆண்டுகளுக்கு முன் அப்படியோர் அட்டையைப் பார்த்துவிட்டு, பையில் இருந்த மூன்று மீட்டர் துணியோடு வீடு திரும்பினேன். அந்தக் கோபத்தில்தான் நான் மெஷினில் உட்கார்ந்தேன். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியற்காலையில் மரம், பிற்பகலில் கால் மெஷின். அந்த மெஷின் இன்றும் என் வீட்டில் ஓடுகிறது. சனிக்கிழமை மாலைகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் துணியும் தாளுமாக வந்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்பவற்றையும், நான் பாழாக்கிய துணிகள் எனக்குச் சொல்லித் தந்தவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பேட்டர்ன் என்றால் என்ன? தையல்காரர் துணியில் கோடு போடுவதும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. தையல்காரர் உங்கள் உடம்பை அளந்து, அந்த அளவைத் துணியில் நேரே வரைகிறார். பேட்டர்ன் என்பது வேறு யாரோ முன்பே வரைந்து, பல அளவுகளில் விற்கும் தாள். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி என ஒவ்வொரு துண்டும் அதில் இருக்கும். தாளைத் துணிமேல் வைத்து வெட்டி, கூடவே வரும் குறிப்பின்படி இணைக்க வேண்டும்.

அளவு வாரியாகத் தாள் வெட்டி விற்கும் தொழிலை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-இல் தொடங்கினார். அதற்கு முன் கிடைத்த தாள்கள் பெரும்பாலும் ஒரே அளவில் இருந்தன. பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் வாங்கியவர் பாடு. பின்னால் மெக்கால்ஸ் வந்தது, வோக் வந்தது, 1927-இல் சிம்ப்ளிசிட்டி வந்தது. ஜெர்மனியின் பர்டா தையல் இதழ் 1950-இல் தொடங்கியது.

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான். அந்தத் தாள் உங்களைப் பார்த்ததில்லை. ஏறக்குறைய ஐந்தடி ஐந்தங்குல உயரமும் நடுத்தரமான மார்பும் உள்ள ஒரு பெண்ணை மனத்தில் வைத்து வரைந்தது அது. அப்படி ஒருத்தியை நான் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே துணியை வெட்டுவதற்கு முன் தாளை உங்கள் உடம்போடு அறிமுகப்படுத்த வேண்டும். பாதி வேலை அதுதான்.

எனக்கு நேராகத் தைக்க மட்டும்தான் தெரியும். எதிலிருந்து தொடங்கலாம்?

இடுப்பில் இலாஸ்டிக் வைத்த பாவாடை அல்லது பைஜாமா. அடுத்து, கையைத் தனியாக வைக்காமல் உடம்போடு சேர்த்தே வெட்டும் தளர்வான மேல்சட்டை. அதற்கடுத்து நைட்டி. நைட்டியைக் கேலி செய்யாதீர்கள். கழுத்து வெட்டு, கை, கீழ்மடிப்பு எல்லாம் அதில் உண்டு. தவறு நேர்ந்தாலும் வீட்டுக்குள்ளேயே உடுத்தித் தீர்த்துவிடலாம்.

சேலை ரவிக்கையில் தொடங்காதீர்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பதே ரவிக்கைதான். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய உடை அது. அரை அங்குலம் தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தையல்காரரிடம் விட்டுவிடுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

பேட்டர்ன் எங்கே கிடைக்கும்?

நம் ஊர்த் துணிக்கடைகளில் நான் பார்த்ததில்லை. இணையத்தில் வாங்கலாம். மூன்று வடிவங்களில் வரும்: உறையில் மடித்த மெல்லிய தாள், பர்டா போன்ற இதழ்களோடு வரும் பெரிய தாள், காசு கொடுத்து இறக்கி நாமே அச்சிடும் கோப்பு. புதியவர்களுக்கு உறைதான் நல்லது. இதழ்த் தாளில் பத்துப் பன்னிரண்டு உடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். முதன்முதலில் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

கோப்பை அச்சிட்டுத்தான் தைத்தேன். சட்டை இறுக்கமாகிவிட்டது. என்ன தவறு?

அச்சு சுருங்கியிருக்கும். இது எனக்கே நடந்தது. பட்டணத்தில் ஒரு நகல் கடையில் முப்பத்திரண்டு பக்கம் அச்சிட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து கூடத்துத் தரையில் முட்டிபோட்டு ஒட்டினேன். பேரப்பிள்ளை நடுவில் ஒரு பக்கத்தின்மேல் உட்கார்ந்துகொண்டான் என்பதைத் தவிர எந்தத் தடங்கலும் இல்லை. வெட்டினேன், தைத்தேன். போட்டுப் பார்த்தால் பொத்தான் போட முடியவில்லை.

பிறகுதான் முதல் பக்கத்தில் இருந்த சிறு சதுரத்தைப் பார்த்தேன். 'இது 5 செ.மீ. இருக்க வேண்டும்' என்று அதிலேயே எழுதியிருந்தது. அளந்தேன்: 4.7. அதாவது எல்லாமே 94 விழுக்காட்டுக்குச் சுருங்கியிருக்கிறது. சட்டையின் மார்புச் சுற்று 104 செ.மீ. வந்திருக்க வேண்டும், 98-ஐக்கூட எட்டவில்லை. என் மார்பே 98.

காரணம் எளியது. அந்தக் கோப்பை அமெரிக்கத் தாள் அளவுக்கு வரைந்திருந்தார்கள், அது 21.6 செ.மீ. அகலம், 27.9 செ.மீ. நீளம். நாம் பயன்படுத்தும் ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். கடையில் இருந்த தம்பி, பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று சுருக்கும் பொத்தானை அழுத்திவிட்டார். நல்ல எண்ணத்தில்தான்.

இப்போது நான் செய்வது: ஏ4 அளவில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறேன். '100 விழுக்காடு, சுருக்க வேண்டாம்' என்று எழுதிக் காட்டுகிறேன். சதுரம் இருக்கும் ஒரே பக்கத்தை முதலில் அச்சிடச் சொல்கிறேன். அளவுகோல் என் கைப்பையிலேயே இருக்கிறது. அங்கேயே அளந்து, சரியாக இருந்தால்தான் மற்றப் பக்கங்கள்.

கடையில் நான் 'எம்' வாங்குகிறேன். பேட்டர்ன் உறை என்னை 16 என்கிறதே! அவ்வளவு பெருத்துவிட்டேனா?

இல்லை. ஆயத்த ஆடைக் கடைகள் வாங்குபவரின் மனம் குளிர வேண்டும் என்று எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. பேட்டர்ன் நிறுவனங்கள் பழைய எண்களையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. பட்டரிக், மெக்கால்ஸ், சிம்ப்ளிசிட்டி, வோக் உறைகளில் 12 என்றால் மார்பு 34, இடுப்பு 26½, இடுப்பெலும்புச் சுற்று 36 அங்குலம். 14 என்றால் 36, 28, 38. 16 என்றால் 38, 30, 40. 18 என்றால் 40, 32, 42.

கடை எண்ணை மறந்துவிட்டு நாடாவை எடுங்கள். இன்னொருவர் அளந்தால் நல்லது. தானே அளக்கும்போது மூச்சை உள்ளிழுத்துக்கொள்ளாத பெண்ணை நான் பார்த்ததில்லை. மேல்பாதி ஓர் எண்ணிலும் கீழ்ப்பாதி வேறோர் எண்ணிலும் விழுந்தால் கலங்க வேண்டாம். ஒரே தாளில் பல அளவுக் கோடுகள் இருக்கும். மார்புவரை 14-இன் கோட்டில் வந்து, அங்கிருந்து மெல்ல வளைத்து இடுப்புக்குக் கீழே 16-இன் கோட்டைப் பிடிக்கலாம்.

என் அளவுக்குத்தான் வெட்டினேன். ஆனாலும் கூடாரம்போல் தொங்குகிறது.

உறையின் பின்னால் இருப்பது உடம்பின் அளவு. தைத்து முடித்த உடையின் அளவு வேறு. உட்கார, எழ, மூச்சுவிட என்று சில அங்குலங்களும், பாணிக்காக இன்னும் சிலவும் சேர்த்துத்தான் வரைகிறார்கள். தைத்த பின் உடை எவ்வளவு இருக்கும் என்பதைத் தாளிலேயே, பெரும்பாலும் மார்புக்கோட்டுக்கு அருகில் ஒரு வட்டத்துக்குள் கூட்டல் குறியிட்டு, அச்சடித்திருப்பார்கள். உங்களுக்குப் பிடித்த பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்து அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். அளவு அட்டவணையைவிட உங்கள் பழைய சட்டை உங்களை நன்றாக அறியும்.

நான் குள்ளம். இடுப்பு வரவேண்டிய இடம் என் தொடைக்கு வந்துவிடுகிறது. கீழே வெட்டிவிட்டால் போதுமா?

போதாது. கீழே வெட்டினால் உடையின் நீளம் மட்டும் குறையும். இடுப்பு இடுப்புக்கு வராது.

கழுத்தின் பின்னால் குனியும்போது துருத்தும் எலும்பிலிருந்து இடுப்புவரை அளந்து பாருங்கள். இடுப்பு எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் வளையுங்கள். அது தானே போய் நிற்கும் இடம்தான். அமெரிக்க உறைகளில் 12-ஆம் எண்ணுக்கு இந்த அளவு 16¼ அங்குலம். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஓர் அக்காவுக்கு அது 14¾ மட்டுமே. ஒன்றரை அங்குலம் குறைக்க வேண்டும்.

தாளில் மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே அருகருகே இரண்டு கோடுகள் கிடைமட்டமாக ஓடும். நீட்டுவதும் குறைப்பதும் அங்கேதான். ஒன்றரை அங்குலம் குறைக்க முக்கால் அங்குலம் மட்டும் மடிக்க வேண்டும். ஏனென்றால் மடிப்பு இரட்டையாக விழுங்கும். அந்த அக்கா முதல் தடவை ஒன்றரை அங்குலமே மடித்தார். மூன்று அங்குலம் போய்விட்டது. அந்தச் சட்டையை இப்போது அவருடைய பன்னிரண்டு வயது மகள் போடுகிறாள். முன்பக்கத்தில் மடித்ததைப் பின்பக்கத்திலும் அதே இடத்தில் அதே அளவு மடியுங்கள். இல்லாவிட்டால் பக்கத் தையல்கள் ஒன்றோடொன்று சேராது.

மார்புக்குச் சரியாக எடுத்தால் தோள் சரிகிறது. தோளுக்கு எடுத்தால் மார்பு இறுக்குகிறது.

மிக அதிகமாக வரும் குறை இதுதான். பெரும்பாலான அமெரிக்கப் பேட்டர்ன்கள் நடுத்தர மார்புக்கு வரைந்தவை. அக்குளுக்கு அடியில், மார்புக்கு மேலே நாடாவைச் சுற்றி ஓர் அளவு எடுங்கள். மார்பின் நிறைந்த இடத்தில் இன்னோர் அளவு. இரண்டுக்கும் இரண்டு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மேல் அளவை வைத்தே தாளின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். தோளும் கழுத்தும் கைக்குழியும் சரியாகிவிடும். மார்பில் போதாத அகலத்தை முன்துண்டில் மட்டும் கீறித் திறந்து சேர்க்கலாம். முன்துண்டு பாதி உடம்புதான் என்பதால், மொத்தத்தில் இரண்டு அங்குலம் வேண்டுமானால் தாளில் ஓர் அங்குலம் திறந்தால் போதும்.

எலும்புகளுக்குத் தாளைத் தேர்ந்தெடு, சதைக்குத் தாளைத் திருத்து என்று நான் சொல்லிக்கொடுப்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

சோதனைத் துணியில் தைத்துப் பார்க்கத்தான் வேண்டுமா? நேரம் வீணாகாதா?

இலாஸ்டிக் பாவாடைக்கு வேண்டாம். தோளும் கழுத்தும் உள்ள எதற்கும் வேண்டும். பழைய படுக்கை விரிப்பு போதும். நிறம் போன பருத்திச் சேலை இன்னும் நல்லது. பெரிய தையலாக, பிரிக்க வசதியாகத் தையுங்கள். கை, பட்டி, பொத்தான் எதுவும் வேண்டாம். போட்டுக்கொண்டு கையைத் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள். கண்ணாடி முன் நேராக நிற்கும்போது எல்லா உடையும் அழகாகத்தான் இருக்கும்.

எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்?

கடைக்காரர் முதலில் 'பீடாங் எவ்வளவு?' என்பார். துணியின் அகலத்தைச் சொல்கிறார். 45 அங்குலம் ஒன்று, 60 அங்குலம் ஒன்று. உறையின் பின்னால் இரண்டுக்கும் தனித்தனி அளவு இருக்கும். உங்கள் எண்ணுக்கு நேரே பாருங்கள். அமெரிக்க உறையில் அது கெஜத்தில் இருக்கக்கூடும். ஒரு கெஜம் 91.4 செ.மீ. ஆகவே இரண்டரை கெஜம் என்றால் 2.3 மீட்டர் கேளுங்கள்.

பூக்களெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும் துணி, வெல்வெட் போல் தடவினால் நிறம் மாறும் துணி, கட்டம் போட்ட துணி இவற்றுக்கு அதிகம் வேண்டும்; துண்டுகளைத் தலைகீழாகத் திருப்பி அடுக்க முடியாது. பாத்தேக் சாரோங்கில் நைட்டி தைப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சாரோங்கில் ஓரிடத்தில் மட்டும் வேறு பூவேலையோடு 'கெப்பாலா' என்ற பட்டை வரும். அது முன்பக்க நடுவில் விழுந்தால் அழகு. பாதி முதுகிலும் பாதி அக்குளிலும் விழுந்தால் ஊர் முழுக்கக் கேட்கும்.

எந்தத் துணி நல்லது?

கற்றுக்கொள்ளப் பருத்தி பாப்ளின். வழுக்காது, இஸ்திரி போட்ட மடிப்பு நிற்கும், தையலைப் பிரித்தாலும் தாங்கும். ரேயான் நம் வெயிலுக்குச் சுகம்தான். ஆனால் வெட்டும்போது பாம்பு மாதிரி நெளியும், இரண்டாவது உடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாட்டின், ஷிஃபான் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். பரந்த தேர்வு வேண்டுமென்றால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்குப் போய் வரலாம். லிட்டில் இந்தியா பக்கம் துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன.

துணியை வெட்டுமுன் துவைக்கச் சொல்கிறார்கள். புதுத் துணியைப் போய்த் துவைப்பதா?

துவைக்கத்தான் வேண்டும். நம்ப மனம் வராவிட்டால் மூலையில் 20 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டி, வழக்கம்போல் துவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். 19 வந்தால் ஐந்து விழுக்காடு சுருங்கியிருக்கிறது. ஒரு மீட்டர் நீளமான உடை முதல் சலவையில் ஐந்து செ.மீ. குட்டையாகும்.

தாளில் இருக்கும் அம்புகளும் முக்கோணங்களும் எதற்கு?

அம்புதான் எல்லாவற்றிலும் முக்கியம். இரு தலை உள்ள நீண்ட அம்பு 'கிரெயின்லைன்'. அது துணியின் கரையோரத்துக்கு, அதாவது பாவு நூல் ஓடும் திசைக்கு, இணையாகக் கிடக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சரி என்று விடக்கூடாது. அம்பின் ஒரு முனையிலிருந்து கரைவரை அளந்து, மறுமுனையிலிருந்தும் அளந்து, இரண்டும் ஒன்றாக வரும்வரை தாளை நகர்த்துங்கள். சாய்ந்துவிட்டால் பைஜாமாவின் கால் நாலு சலவைக்குப் பிறகு காலைச் சுற்றித் திருகிக்கொள்ளும். துணி மிச்சமாகும் என்று தாளைச் சாய்த்து வைத்து நான் வெட்டிய ஒரு பைஜாமா இப்போது ஜன்னல் துடைக்கிறது.

இரு முனையும் ஓரத்தை நோக்கி வளைந்த அம்பு, அந்த ஓரத்தைத் துணியின் மடிப்பில் வைக்கச் சொல்கிறது; அங்கே வெட்டக்கூடாது. வெட்டிவிட்டால் முன்பக்கம் இரண்டாகிவிடும். ஓரத்தில் உள்ள சிறு முக்கோணங்கள் எந்தத் துண்டு எதோடு சேரும் என்பதற்கு: பெரும்பாலும் ஒற்றை முக்கோணம் முன்பக்கம், இரட்டை பின்பக்கம். 'கட் 2' என்றால் இரண்டு துண்டு. படங்களில் நிழலிட்ட பக்கம் பெரும்பாலும் துணியின் நல்ல பக்கம். குறிப்பின் தொடக்கத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள்.

மெல்லிய தாள் கிழிந்துவிடுகிறது. அதையே வெட்ட வேண்டுமா?

வெட்டாதீர்கள். உங்கள் எண்ணை மட்டும் வேறு தாளில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எண்கள் மகளுக்கு உதவும். உடம்பு மாறினால் உங்களுக்கே உதவும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கும் மாஜோங் தாள் இதற்கு மிகப் பொருத்தம்: பெரியது, மலிவு, அடியில் உள்ள கோடு தெரியும். பழைய செய்தித்தாள் வேண்டாம்; மை வெள்ளைத் துணியில் ஒட்டும்.

குண்டூசி குத்தினால் தாள் எழும்பும், துணி நகரும். நான் எடைக்கு சார்டின் டின்களை வைக்கிறேன். ஆறு டின் இருந்தால் ஒரு சட்டை வெட்டலாம். வெட்டி முடித்ததும் அடுப்பங்கரைக்கே போய்விடும்.

தையலுக்கு எவ்வளவு ஓரம் விடுவது?

குறிப்பை முதலில் படியுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. அமெரிக்க உறைகளில் வழக்கமாக ⅝ அங்குலம், அதாவது ஒன்றரை செ.மீ., தாளிலேயே சேர்ந்திருக்கும். பர்டா இதழ்த் தாளில் சேர்க்கப்பட்டிருக்காது; நீங்கள்தான் சுற்றிலும் விட்டு வெட்ட வேண்டும். சிறு நிறுவனங்களின் கோப்புகளில் பெரும்பாலும் ஒரு செ.மீ. இதைப் பார்க்காமல் வெட்டினால் நாலு தையலில் ஓர் உடையே காணாமல் போகும்.

மெஷினின் ஊசித்தட்டில், ஊசியிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்த நாடாவைத் தொட்டுக்கொண்டே போகட்டும். கண் ஊசியைப் பார்க்க வேண்டியதில்லை, நாடாவைப் பார்த்தால் போதும்.

கழுத்து வாய் பிளந்து நிற்கிறது. ஏன்?

வளைவாக வெட்டிய கழுத்து, இழைக்குச் சாய்வாக வெட்டியது. சாய்வாக வெட்டிய துணி இழுபடும். நீங்கள் தூக்கிப் பார்த்து, தோளில் வைத்துப் பார்த்து, மடித்து வைப்பதற்குள் அது ஓர் அங்குலம் வளர்ந்துவிடும்.

வெட்டிய கையோடு, வேறு எதையும் தொடுமுன், கழுத்தின் ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே ஒரு தையல் போட்டுவிடுங்கள். ஒற்றைத் துணியில், எதையும் இணைக்காமல். தோளிலிருந்து நடுவரை ஒரு பக்கம், மறுதோளிலிருந்து நடுவரை மறுபக்கம். இரண்டு நிமிட வேலை. பட்டி வைத்துத் தைத்த பின், வளைவில் தையலை வெட்டிவிடாமல் சிறு சிறு வெட்டு கொடுங்கள். இல்லாவிட்டால் திருப்பும்போது சுருக்கம் விழும். பிறகு பட்டியையும் அதன் உள்ஓரத்தையும் மட்டும் சேர்த்து, தையலை ஒட்டி இன்னொரு தையல். பட்டி உள்ளே அடங்கி உட்காரும், வெளியே எட்டிப் பார்க்காது.

எல்லாவற்றுக்கும் பிறகு இஸ்திரி. ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி, அடுத்த தையல் அதைக் கடக்குமுன். அம்மா கரி போட்ட இஸ்திரிப் பெட்டியில் இதைச் செய்தார். நமக்கு மின்சாரம் இருந்தும் சோம்பல்.

கை எப்போதும் சுருக்கத்தோடுதான் உட்காருகிறது.

கையின் மேல்வளைவு, அது போய்ச் சேரும் கைக்குழியைவிடச் சற்றுப் பெரிதாகவே வரைந்திருக்கும், தோளின் உருண்டைக்காக. தவறாக வெட்டிவிட்டோம் என்று எண்ணி ஓரத்தை நறுக்கிவிடாதீர்கள். முக்கோணங்களுக்கு நடுவே, பெரிய தையலாக இரண்டு வரி ஓட்டி, நூலை மெல்ல இழுத்துச் சமன் செய்து, முக்கோணத்தை முக்கோணத்தோடு சேர்த்து நூலோட்டம் போட்டுவிட்டுப் பிறகு மெஷினில் தையுங்கள். முன்கையைப் பின்கையாக மாற்றி வைப்பது எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும்.

பாட்டி காலத்துக் கால் மெஷின் போதுமா? புதிது வாங்க வேண்டுமா?

பருத்தித் துணிக்கு நேர்த்தையல் போட அதைவிட நல்ல மெஷின் இல்லை. சிங்கர் நிறுவனம் தவணை முறையில் விற்றதால்தான் தோட்டத்து வீடுகளுக்கும் மெஷின் வந்தது. எங்கள் அம்மாவின் மெஷினும் அப்படி வந்ததே.

ஆனால் அதற்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை மெஷின் எண்ணெய் தீர்ந்துபோய் அதை விட்டார்கள். கொஞ்ச நாளில் பசை மாதிரி இறுகி, சக்கரம் அசையவில்லை. அப்பா மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்து, இரண்டு நாளில் சரிசெய்தார். மெஷின் எண்ணெய் மட்டுமே. பிசிறுகளைப் பாபின் பக்கத்திலிருந்து அடிக்கடி தட்டிவிடுங்கள்.

ஊசியை எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். பாப்ளினுக்கு 80 அல்லது 90, மெல்லிய துணிக்கு 70, ஜீன்ஸுக்கு 100. டி-சட்டைத் துணிக்கு முனை உருண்ட ஊசி. தையல் விட்டுவிட்டு விழுந்தால் மெஷினைத் திட்டுமுன் ஊசியை மாற்றிப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் ஊசி துருப்பிடிக்கும்; துருப்பிடித்தது துணியில் கறை வைக்கும்.

மெஷினையே தொட்டதில்லை என்றால், உங்கள் வட்டாரத்தில் கெமாஸ் என்ற அரசாங்கச் சமூக மேம்பாட்டுத் துறையின் தையல் வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஓவர்லாக் மெஷின் இல்லை. உள்ஓரம் பிரிந்துவிடாதா?

மின்மெஷினில் ஸிக்ஸாக் என்ற கோணல்மாணல் தையல் இருந்தால் போதும். கால் மெஷினில் ஓரத்தை உள்ளடக்கிய இரட்டைத் தையல் போடுங்கள். முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து ஓரத்திலிருந்து 7 மி.மீ.யில் தையல், ஓரத்தை 3 மி.மீ.க்கு நறுக்கித் திருப்பி, நல்ல பக்கங்களை உள்ளே வைத்து 8 மி.மீ.யில் இன்னொரு தையல். ஒன்றரை செ.மீ. கணக்காகத் தீர்ந்துவிடும். உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாலும் வெட்கமில்லை.

பாஜு கூரோங்கும் பஞ்சாபி உடையும் தைக்கலாமா?

மலாய்ப் பெண்கள் உடுத்தும் மரபான பாஜு கூரோங் நேர்த்துண்டுகளால் ஆனது. உடம்பு ஒரு நீள்சதுரம், பக்கத்தில் விரியும் 'பெசாக்', அக்குளில் 'கெக்கெக்' என்ற சிறு சதுரம். தாள் வாங்குவதைவிட, தைக்கத் தெரிந்த மலாய்த் தோழியிடம் ஒரு பிற்பகல் உட்காருங்கள். பஞ்சாபி உடைக்கு, பக்கம் திறந்த நீள்சட்டைப் பேட்டர்ன் ஒன்றை வாங்கி நீளத்தைக் கூட்டினால் சரியாக வரும்.

கடையில் வாங்குவதைவிட மலிவா?

இல்லை. இரவுச் சந்தை நைட்டியின் விலைக்கு உங்களால் துணிகூட வாங்க முடியாமல் போகலாம். முழங்கை அகலமாகவும், பை ஆழமாகவும், நீளம் கணுக்காலில் நிற்பதாகவும் ஓர் உடை வேண்டுமென்றால் தையுங்கள்.

என் பேட்டர்னைப் பக்கத்து வீட்டுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாமா?

கூடாது. தாள் ஒருவருடைய உழைப்பு. உங்களுக்கும் வீட்டாருக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் தைக்கலாம். தைத்து விற்பதானால் அந்தத் தாளில் அனுமதி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பேட்டர்ன்களை எங்கே வைப்பது?

பிரித்த தாள் மறுபடி உறைக்குள் போகாது. முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒவ்வோர் உடைக்கும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. பையின் மேல் உடையின் படம், வெட்டிய எண், தேதி, 'முதுகில் முக்கால் அங்குலம் மடித்தது' என்பதுபோல் செய்த மாற்றங்கள், யாருடைய உடம்புக்கு என்பது. என்னுடையவை எல்லாம் பெரிய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன, நாலு பூச்சி உருண்டைகளோடு. தீபாவளிக்கு முன் அந்த டின்னைத் திறந்து பிஸ்கட் தேடும் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வாசனை இன்னும் பழகவில்லை.